ஓடும் கணினிக்கு நாள் குறிப்பது யார்?

நாமக்கல்லைச் சுற்றியுள்ள லாரிப் பட்டறைகளை ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு ஒரு பொருளாதாரப் பாடம் விளங்கும். ஒரு லாரி இனி ஓடுமா, ஓடாதா என்பதை அங்கே அதைத் தயாரித்த நிறுவனம் முடிவு செய்வதில்லை. இன்ஜினைப் பிரித்துச் சீரமைக்கிறார்கள்; பாடியை மாற்றிக் கட்டுகிறார்கள்; தகுதிச் சான்று, அதாவது 'எஃப்.சி.', கிடைத்துவிட்டால் வண்டி மீண்டும் சாலைக்கு வந்துவிடுகிறது. எந்த ஆண்டில் அதை உடைப்புக்கு அனுப்புவது என்பது பெரும்பாலும் உரிமையாளர் போடும் கணக்கு.

கணினியில் இந்தக் கணக்கை உரிமையாளர் போடுவதில்லை. ராசிபுரத்தில் வரிக்கணக்கு அலுவலகம் நடத்தும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் இதை என்னிடம் முறையிட்டார். ஜவ்வரிசி ஆலைகள், கோழிப் பண்ணைகள், லாரி உரிமையாளர்கள் ஆகியோரின் ஜி.எஸ்.டி. கணக்குகளைப் பார்ப்பது அவர் தொழில். அவரிடம் உள்ள மூன்று கணினிகளில் இரண்டு, 2016-இல் வாங்கியவை. விண்டோஸ் 11-க்கு மாற முயன்றபோது, 'இந்தக் கணினி குறைந்தபட்சத் தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை' என்ற அறிவிப்பே அவற்றின் திரையில் வந்தது. "நல்லா ஓடற வண்டிய எதுக்கு சார் உடைக்கப் போடணும்?" என்று கேட்டார். எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று இது.

விண்டோஸ் 10 இயங்குதளம் 2015 ஜூலை 29-இல் வெளியானது. அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. ஆனால், அதன்பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கமான முறையில் வருவதில்லை. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்குக் கட்டணமின்றி மாறலாம் என்றாலும், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். பட்டியலில் இடம்பெற்ற செயலியும் வேண்டும். இன்டெல் நிறுவனத்தைப் பொருத்தவரை, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பகுதியில்தான். ஆகவே, அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் கதவு ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. இவ்வாறு உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் பயனற்றுப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது.

'திருத்தங்கள் வராவிட்டால் என்ன? இருக்கிறபடி இருக்கட்டும்' என்ற மனநிலை நம்மில் பலருக்கு உண்டு. அதன் விளைவை 2017-இல் உலகம் கண்டது. விண்டோஸின் ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளை மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் தீநிரல் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் பொது மருத்துவத் துறையில் சுமார் 19,000 மருத்துவ முன்பதிவுகள் ரத்தாயின. ஆந்திரக் காவல் துறையின் சில கணினிகளும் அதில் சிக்கின. மருந்து கையில் இருந்தும் இரண்டு மாதங்களாக அதை உட்கொள்ளாததன் விலை அது.

பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஒருவர் எடுக்கும் முடிவின் செலவு, அந்த முடிவில் பங்கில்லாத வேறொருவர் தலையில் விழுவதைக் குறிப்பது அது. பழைய கணினியை அப்படியே இணையத்தில் இணைத்து வைத்திருப்பது இந்த வகையைச் சேர்ந்தது. வரிக்கணக்கு அலுவலகத்தின் கணினியில் இருப்பவை அந்த அலுவலகத்தின் தகவல்கள் மட்டுமல்ல. அதன் வாடிக்கையாளர்களின் பான் எண்களும் வங்கி விவரங்களும் கடவுச்சொற்களும்கூட. இணைய சேவை மையத்தின் கணினியில் ஆதார் நகல்களும் பட்டா, சிட்டா விவரங்களும் சாதிச் சான்றுகளும் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றைக் கொடுத்த விவசாயிக்கு அந்தக் கணினியில் எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அதற்காகத் தயாரிப்பாளர் குறித்த தேதியை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் ஏகபோக நிறுவனம், தான் நேற்று விற்ற பொருளுடனேயே இன்று போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதை ரொனால்ட் கோஸ் 1972-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் அவர். பழையது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் புதியது விற்காது. ஆகவே, பழையதன் ஆயுளைக் கட்டுப்படுத்துவதில் விற்பவருக்கு எப்போதும் ஓர் ஆதாயம் உண்டு. விண்டோஸ் 11-இன் தேவைகளுக்குப் பாதுகாப்புக் காரணங்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஒரு பதிப்புக்குப் பத்தாண்டு ஆதரவு என்பதும் குறைவானதன்று. ஆனால், செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி அவற்றால் மறைந்துவிடாது.

இதற்கு இடைக்கால ஏற்பாடு ஒன்றும் உண்டு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்றும், அதற்கு 30 டாலர் செலுத்தலாம் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்துக் கட்டணமின்றிப் பெறலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கு முதலாண்டில் கணினிக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். மூன்றாண்டுகளுக்கும் சேர்த்தால் 427 டாலர். பழைய கணினிக்கு இவ்வளவு செலவிடுவதைவிடப் புதிய கணினியையே வாங்கிவிடலாம். கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் முதலாண்டுக் கட்டணம் ஒரு டாலர்தான். நம் பகுதியின் கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்களில் இந்தச் சிக்கலுக்குச் சந்தை கண்டுபிடித்துள்ள தீர்வுதான் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குகிறது. என் மாணவரும் முதலில் அந்த வழியைத்தான் நாடினார். பழுது நீக்கும் கடையிலிருந்து வந்த இளைஞர், பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். தேவைகளைச் சரிபார்க்கும் படியைத் தாண்டிச் செல்லும்படி மாற்றியமைக்கப்பட்ட நிறுவல் கோப்பு அதில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. உரிமம் பெற்றதுபோல் காட்டும் ஒரு சிறு நிரலையும் ஓடவிட்டார். போகும்போது, "ஆன்ட்டி வைரஸ ஆன் பண்ணிராதீங்க, பண்ணா இது ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த ஒரு வாக்கியம் போதும். வீட்டுக்கு வரும் விருந்தாளி, 'நாயைக் கட்டிப் போடுங்கள், பூட்டையும் திறந்து வையுங்கள்' என்று சொன்னால் நாம் சந்தேகிக்க மாட்டோமா? அந்தக் கோப்பைத் தயாரித்தவர் யார், அதில் வேறு என்ன சேர்த்திருக்கிறார் என்பது அந்த இளைஞருக்கும் தெரியாது. அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அவர் தொழில் கற்ற முறை அப்படி. இந்தியாவில் பயன்பாட்டில் உள்ள மென்பொருள்களில் 56 விழுக்காடு உரிமமற்றவை என்று பி.எஸ்.ஏ. என்னும் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2017-ஆம் ஆண்டு நிலவரமாகக் கூறியது. மென்பொருளை விற்போரின் கணக்கு அது என்பதால் சற்றுக் கழித்துக்கொண்டாலும், நிலைமையில் பெரிய மாற்றம் இராது.

வழிதவறிய பதிவிறக்கம் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ஐபோன் செயலிகளை உருவாக்கும் 'எக்ஸ்கோட்' மென்பொருளை ஆப்பிளின் தளத்திலிருந்து இறக்க நெடுநேரம் ஆகிறது என்பதால், சீன நிரலாளர்கள் பலர் உள்ளூர்த் தளங்களில் கிடைத்த நகல்களைப் பயன்படுத்தினர். அவற்றில் தீநிரல் கலந்திருந்ததும், அவற்றைக் கொண்டு உருவாக்கிய செயலிகளுக்கெல்லாம் அது பரவியிருந்ததும் 2015-இல் தெரியவந்தது. வீசாட் போன்ற புகழ்பெற்ற செயலியும் தப்பவில்லை. 2016 பிப்ரவரி 20-இல் 'லினக்ஸ் மின்ட்' இயங்குதளத்தின் இணையதளத்துக்குள்ளேயே புகுந்த ஊடுருவிகள், பதிவிறக்க இணைப்பை மாற்றித் தங்கள் கோப்பை வைத்தனர். அதிகாரபூர்வத் தளம் என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

போதுமானது எது? நம் கடைத்தெருவில் எடைக்கல்லில் முத்திரை பார்க்கிறோம். நகையில் ஹால்மார்க் பார்க்கிறோம். நிறுவல் கோப்புகளுக்கும் அப்படியொரு முத்திரை உண்டு. 'எஸ்.எச்.ஏ.-256' என்னும் கணக்கீட்டு முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு சரமாகச் சுருக்கித் தருகிறது. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் சரம் முற்றிலும் மாறிவிடும். தயாரிப்பாளர் வெளியிட்ட சரத்தையும், நாம் இறக்கிய கோப்பின் சரத்தையும் ஒப்பிட்டால் கோப்பில் கலப்படம் உண்டா என்பது தெரிந்துவிடும். விண்டோஸிலேயே இதைக் கணக்கிடும் வசதி உள்ளது. இரண்டு நிமிட வேலை. இணையதளமே ஊடுருவப்பட்டிருந்தால் அங்குள்ள சரத்தையும் மாற்றிவிட முடியும் என்பதால், லினக்ஸ் வெளியீட்டாளர்கள் மின்னணுக் கையொப்பத்தையும் சேர்த்து வெளியிடுகிறார்கள்.

எனவே, மேம்படுத்த விரும்புவோர் நான்கு செயல்களை வரிசையாகச் செய்தாக வேண்டும். முதலாவதாக, முக்கியக் கோப்புகளைத் தனியொரு வன்தட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக, கணினி உண்மையிலேயே தகுதியற்றதா என்பதை மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலி மூலம் அறிய வேண்டும். டி.பி.எம். வசதி இருந்தும் அணைத்துவைக்கப்பட்டிருப்பதால் தகுதியற்றதாகக் காட்டும் கணினிகள் உண்டு. அதை இயக்கினாலே போதும். மூன்றாவதாக, நிறுவல் கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்கி, முத்திரையை ஒப்பிட்டு, குறைந்தது 8 ஜி.பி. கொள்ளளவு உள்ள பென் டிரைவில் ஏற்ற வேண்டும். நான்காவதாக, எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பித்தல் சுமார் 85 லட்சம் கணினிகளை ஒரே நேரத்தில் முடக்கியது; விமானங்கள் நின்றன. புதுப்பிக்காததைப் போலவே, சோதிக்காமல் புதுப்பிப்பதும் ஆபத்துதான்.

தகுதியற்ற கணினிக்கு வேறு வழியே இல்லையா? உண்டு. கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் பழைய கணினிகளிலும் நன்றாக ஓடும். உரிமக் கட்டணம் இல்லை. யாரும் நகலெடுத்துக் கொடுக்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் தமிழிலும் இயங்கும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. ஆக, இன்றைய சிக்கலும் புதிதன்று, தீர்வும் புதிதன்று.

அந்தத் தீர்வு ஏன் வேரூன்றவில்லை? பெரும்பாலான மாணவர்கள் மடிக்கணினியைத் திறந்ததும் விண்டோஸுக்குள் சென்றார்கள்; லினக்ஸை அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர் இல்லை. சிறு நிறுவனங்களின் கணக்குகள் டேலி மென்பொருளில் இருக்கின்றன. அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கம்பெனிகள் பயன்படுத்தும் மின்னணுக் கையொப்பச் சாதனங்களை லினக்ஸில் இயக்குவது எளிதன்று. சேலத்து அச்சகங்களில் 2001-க்குப் பின் புதிய பதிப்பே வராத பேஜ்மேக்கரில், ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் திருமண அழைப்பிதழ்கள் இன்னும் உருவாகின்றன. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் மாற்றம் இலவசமாகக் கிடைப்பதில்லை. இதைத்தான் 'மாறுதல் செலவு' என்கிறோம்.

கேரளம் அந்தச் செலவை முன்கூட்டியே ஏற்றது. 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தின் வழியாக அங்குள்ள அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பாடநூலையும் அதற்கேற்ப எழுதினார்கள். இன்று 'கைட்' என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கான இயங்குதளத்தைத் தானே தொகுத்து வெளியிடுகிறது. பள்ளிக் கணினிக்கு நாள் குறிக்கும் உரிமை பெருமளவு அந்த மாநிலத்திடமே இருக்கிறது. மாறாக, ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி, பல ஆண்டுகள் உழைத்து சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியும், 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. ஆட்சி மாறினாலும் தொடரும் உறுதி இல்லையென்றால் இத்தகைய மாற்றங்கள் நிலைக்காது.

தமிழ்நாட்டுக்கு இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது. முந்தைய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2025 மார்ச்சில் தாக்கலான நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முதலீடு. ஆனால், கணினியின் விலை என்பது முன்பணம் மட்டுமே. பராமரிப்புதான் மீதித் தவணை. அந்தத் தவணையை நம் நிதிநிலை அறிக்கைகள் கணக்கில் கொள்வதில்லை.

செய்யக் கூடியவை பல. அரசு வாங்கும் ஒவ்வொரு கணினியின் ஒப்பந்தத்திலும், இயங்குதள ஆதரவு எந்த ஆண்டு வரை என்பது எழுதப்பட வேண்டும். மாவட்டந்தோறும் அரசு அலுவலகங்கள், பள்ளிகள், இணைய சேவை மையங்களில் உள்ள பழைய கணினிகளைக் கணக்கெடுத்து, மாற்றத்துக்குக் கெடு விதிக்க வேண்டும். இது முடியாததன்று. காலாவதியான இயங்குதளத்தில் ஓடிய ஏ.டி.எம். இயந்திரங்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றுமாறு ரிசர்வ் வங்கி 2018-இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வங்கிக்கு விதித்த ஒழுங்கை, ஆதார் நகல்களைக் கையாளும் மையத்துக்கு ஏன் விதிக்கக் கூடாது?

அடுத்து, சேலம் முதல் திருச்செங்கோடு, ராசிபுரம் வரை இந்தச் சமவெளியில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மாணவர்கள் குளங்களைத் தூர்வாருவதுபோல, ஆண்டுக்கு இரண்டு நாள் கணினி முகாம் நடத்தலாம். ஊர்க்காரர்களின் கணினிகளைச் சோதித்து, நகலெடுத்து, முறையான கோப்பிலிருந்து புதுப்பித்துக் கொடுக்கலாம். லினக்ஸ் நிறுவல் கோப்புகளைச் சரிபார்த்துப் பல்கலைக்கழகச் சேவையகங்களிலேயே வைக்கலாம். சட்டம் அதற்குத் தடையாக இல்லை. பழுது நீக்கும் கடை இளைஞர்களுக்கும் அங்கே பயிற்சி தந்தால், பையில் இருக்கும் பென் டிரைவ் மாறும்.

என் மாணவரின் அலுவலகத்தில் இறுதியில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றியமைக்கப்பட்ட அந்த விண்டோஸை முழுவதுமாக அழித்தோம். கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றினோம். மூன்றாவது கணினி தகுதியுடையதாக இருந்ததால் முறைப்படி விண்டோஸ் 11-க்கு மாறியது. பழையவற்றில் ஒன்றில் லினக்ஸை நிறுவினோம். ஜி.எஸ்.டி. தளம் உலாவியில் இயங்குவதால், தனிநபர் நிறுவனங்களின் கணக்குகளை ஓ.டி.பி. கொண்டு அதிலிருந்தே தாக்கல் செய்ய முடிகிறது. மற்றொன்றில் பழைய ஆண்டுகளின் டேலி கணக்குகள் இருக்கின்றன. அதன் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டோம். பெரிய நிறுவனமொன்று கழித்துக்கட்டிய, தகுதியுள்ள பழைய மடிக்கணினி ஒன்றைப் புதியதன் பாதி விலைக்கும் குறைவாக வாங்கினார். எதையும் உடைப்புக்கு அனுப்பவில்லை.

அதற்கு ஒரு வார உழைப்பும், அருகில் இருந்து சொல்ல ஓர் ஆளும் தேவைப்பட்டன. ஆயிரக்கணக்கான சிறு அலுவலகங்களுக்கு அந்த இரண்டாவது இல்லை. லாரிக்கு எஃப்.சி. வழங்க ஓர் அலுவலகமும், பழுது பார்க்கத் தெரிந்த பட்டறையும் நாமக்கல்லில் இருக்கின்றன. கணினிக்கும் அவை வேண்டும். இல்லையெனில், தயாரிப்பாளர் குறிக்கும் நாளும் பென் டிரைவில் வரும் ஆபத்துமே நமக்கு எஞ்சும்.